சக்தி குழு மீண்டும் கூடியிருக்கிறது: எனக்கு மட்டும் ஏன் மனம் ஒப்பவில்லை?

மூர்மார்க்கெட்
2023 ஜூலை 2, இரவு 9.40

இந்திய இசையையும் ஜாஸையும் கலக்கும் சக்தி குழுவின் புதிய ஆல்பம் முந்தாநாள் வெளிவந்துவிட்டது. பெயர் 'திஸ் மொமென்ட்'. 1977இல் வந்த 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' ஆல்பத்துக்குப் பிறகு இவர்கள் ஸ்டுடியோவில் பதிவு செய்திருக்கும் முதல் ஆல்பம் இது. நடுவில் 46 ஆண்டுகள் போய்விட்டன. அன்று எனக்குப் பதினேழு வயது, இன்று ஓய்வூதியம் வாங்குகிறேன்.

இந்த நாளுக்காகக் காத்திருந்தவன் நான். ஆனால் வெள்ளிக்கிழமை முதல் அதை ஒரே மூச்சில் கேட்டு முடிக்க முடியாமல் தவிக்கிறேன். ஆல்பம் நன்றாக இருக்கிறது. நன்றாக இல்லாமல் போயிருந்தால் மூடி வைத்துவிட்டு நிம்மதியாகப் பழையதைக் கேட்டிருப்பேன்.

எங்கிருந்து வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 1979இல், கல்லூரி இரண்டாம் ஆண்டில், அண்ணனுடன் மூர் மார்க்கெட் போயிருந்தேன். பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே ஒருவர் இசைத்தட்டுகளைத் தரையில் சாய்த்து அடுக்கியிருந்தார். அண்ணன் அப்போது கடம் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு வெளிநாட்டுத் தட்டின் உறையில் டி.எச். விநாயகராம் என்ற பெயரைப் பார்த்ததும் அவர் கை அங்கேயே நின்றுவிட்டது. மூர் மார்க்கெட்டில் அண்ணன் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான். சக்தியின் முதல் தட்டு. 1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் லாங் ஐலண்டில், சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. ஜான் மெக்லாஃப்லின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயகராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம்.

இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, ஏறக்குறைய 29 நிமிடம். நாங்கள் வாங்கும்போதே அதில் ஒரு கீறல் இருந்தது. ஊசி அங்கே வந்ததும் 'டக்' என்று தாண்டிப் போகும். நாற்பது ஆண்டுகளாக அந்த 'டக்' எனக்குத் தாளத்தில் ஓர் அடி.

அந்த ஐவரில் இன்று புதிய ஆல்பத்தில் இருப்பவர்கள் இருவர்தான், மெக்லாஃப்லினும் ஜாகிரும். மற்றபடி வயலினுக்குக் கணேஷ் ராஜகோபாலன், தாளத்துக்கு விக்குவின் மகன் செல்வகணேஷ், பாட்டுக்குச் சங்கர் மகாதேவன். ஒவ்வொருவரும் தம் துறையில் மலை. அவர்கள் வாசிக்க வாசிக்க நான் உள்ளே வேறு ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றும் தெரிகிறது.

உங்களில் யாருக்காவது இப்படி இருக்கிறதா?

—

கஞ்சிராச்சத்தம்
2023 ஜூலை 2, இரவு 10.25

ஐயா, எனக்கும் இருக்கிறது. ஆனால் நான் தேடும் ஆள் வேறு.

எனக்கு முதலில் கிடைத்தது 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' குறுந்தகடு. 2001இல் வந்தது. பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொல்லும் 1975 தட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. என்னைப் பொறுத்தவரை சக்தி என்றால் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே வாசிப்பதும், மெக்லாஃப்லின் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும்தான். வயலின் சங்கர் யார் என்றே பத்து ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், மன்னியுங்கள்.

புதிய ஆல்பத்தில் முதல் உருப்படியின் பெயரே 'ஸ்ரீனிஸ் ட்ரீம்'. அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை முழுவதும் நான் அதைத் தொடவில்லை. 2014 செப்டம்பர் 19 நினைவுக்கு வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது சாகிற வயதா? அன்று அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் "யாராவது உறவா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை இரவு கேட்டேன். 'கிரிராஜசுதா' வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். தியாகராஜர் கீர்த்தனை, பங்காளா ராகம். பாம்பே பதிவிலும் சங்கர் மகாதேவன் இதைப் பாடியிருக்கிறார், பக்கத்தில் மாண்டலின் ஓடும். இப்போது அதே கீர்த்தனை, அதே குரல். குரல் நிற்கும் இடங்களில் என் காது தானாகவே மாண்டலினை இட்டு நிரப்புகிறது. கணேஷ் அவர்கள் அந்த இடத்தில் என்ன வாசித்தார் என்றுகூட எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

—

சபா_பின்வரிசை
2023 ஜூலை 3, காலை 6.15

இருவர் எழுதியதையும் படித்தேன். ஸ்ரீநிவாஸை அரைக்கால் சட்டைப் பையனாக மேடையில் பார்த்தவள் நான். மாண்டலினில் கர்நாடக சங்கீதமா என்று முகம் சுளித்த மாமாக்கள் அரை மணி நேரத்தில் தொடையில் தாளம் போட ஆரம்பித்ததையும் பார்த்தேன். அதனால் தம்பி சொல்வது புரிகிறது.

என் குறை ஆட்களைப் பற்றியது இல்லை. பழைய சக்தியில் வாய்ப்பாட்டு மையம் இல்லை. கிடார் ஒரு சொல் சொல்லும், வயலின் அதை மறுக்கும், தபலாவும் கடமும் இடையில் புகுந்து வேறு ஏதோ பேசும். கேட்பவர் நாலு பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைய சக்தியில் பாட்டு வந்துவிட்டது. பாட்டு வந்ததும் நம் காது அதன் பின்னால் போய்விடுகிறது, மற்றவர்கள் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறார்கள். சங்கர் மகாதேவன் நன்றாகப் பாடுகிறார், அதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. ஆனாலும் எனக்கு அந்த நாலு பக்கம் வேண்டும்.

இன்னொன்று, கிடார். அன்று மெக்லாஃப்லின் வைத்திருந்தது அவருக்கென்றே செய்த மரக் கிடார். ஒலித்துளையின் குறுக்கே, மீட்டாமலே உடன் அதிரும் ஏழு அனுதாபத் தந்திகள். கமகம், அதாவது சுரத்தின் அசைவு, வர வேண்டும் என்பதற்காக விரல் பலகையை மெட்டுக்கு மெட்டு குழிவாகக் குடைந்திருந்தார்கள். அவர் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் இல்லையா? அந்தக் கை எந்த வாத்தியத்தைத் தேடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது மின் கிடார். அதில் நாதம் நீள்கிறது, ஆனால் தந்தியில் விரல் நகரும் உரசல் கேட்கவில்லை. எனக்கு அந்த உரசல் பிடிக்கும்.

—

மானாமதுரை_மண்
2023 ஜூலை 3, பிற்பகல் 1.50

மூர்மார்க்கெட் ஐயாவுக்கு வணக்கம். நான் கடம் கற்கும் மாணவன். 'தாளத்துக்கு விக்குவின் மகன்' என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது கொஞ்சம் வலித்தது.

நம் ஊரில் தகப்பன் இடத்தில் பிள்ளை உட்கார்ந்தால் அதை மாற்று ஆள் என்று யாரும் சொல்வதில்லை, வித்தை வந்துவிட்டது என்று சொல்வோம். விக்கு ஐயாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தந்தை ஹரிஹர சர்மா. செல்வகணேஷ் மூன்றாவது தலைமுறை. 1997இல் குழு மறுபடி கூடியபோது விக்கு ஐயாவே கடம் வாசித்தார், அதன் பிறகுதான் மகன் வந்தார். ஆகச் செல்வகணேஷ் இந்தக் குழுவில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு இருந்துவிட்டார். அவருடைய தந்தை முதல் சக்தியில் இருந்ததோ ஒரு சில ஆண்டுகள்தான். யார் யாருடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்?

அவர் கடத்தை அப்படியே திருப்பி வாசிக்கவும் இல்லை. கடத்தில் கும்காரம் என்ற கீழ்நாதம் வர வேண்டுமானால் பானையின் வாயை வயிற்றோடு சேர்த்து அழுத்தித் திறக்க வேண்டும். அவர் வாசிக்கும் கஞ்சிராவில் அதே வேலையை இடது கையின் விரல்கள் தோலின் விளிம்பை அழுத்திச் செய்கின்றன. உள்ளங்கை அகலமுள்ள பலாமரச் சட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல், உட்புறம் நாலு சொட்டுத் தண்ணீர். தண்ணீர் காய்ந்தால் சுருதி ஏறிவிடும், அளவு தப்பினால் தொளதொளத்துவிடும். ஒரு கச்சேரி முழுவதும் அவர் அந்த ஈரத்தைக் காப்பாற்றிக்கொண்டே வாசிக்கிறார். தந்தை பெரிய பானையில் எழுப்பிய அதே கீழ்நாதத்தை மகன் ஒற்றைக் கைக்குள் வைத்திருக்கிறார். தயவுசெய்து ஒருமுறை தாளத்தை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

—

மூர்மார்க்கெட்
2023 ஜூலை 3, இரவு 8.05

தம்பி, நீங்கள் சொன்னது சரி. அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது. திருத்தாமல் அப்படியே விடுகிறேன், உங்கள் பதிலுக்குப் பொருள் இருக்க வேண்டும் அல்லவா.

எனக்குக் குழுவின் பெயரைப் பற்றியும் ஒரு வருத்தம் உண்டு. 1997இல் கூடியபோது 'ரிமெம்பர் சக்தி' என்று பெயர் வைத்தார்கள். அது நேர்மையான பெயர். அன்று இருந்ததை நினைத்துக்கொள்கிறோம், இது அதுவே இல்லை என்று பெயரே சொல்லிவிட்டது. இம்முறை 'ரிமெம்பர்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். வெறும் சக்தி. என் மனம் முரண்டு பிடிப்பது அங்கேதான் என்று இப்போது தோன்றுகிறது. நினைவு என்றால் நானும் அதில் ஒரு பங்காளி. சக்தி என்றே சொல்லிவிட்டால் எனக்கு அதில் என்ன வேலை?

—

ஒலிமேசை
2023 ஜூலை 4, இரவு 11.30

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், கோடம்பாக்கத்தில். இந்த ஆல்பம் உருவானது பெருந்தொற்றுக் காலத்தில். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, ஒருவர் வாசித்த கோப்பை இன்னொருவருக்கு அனுப்பி, அதன்மேல் அவர் வாசித்து, இப்படிச் சேர்ந்தது. என் காதுக்கு அது தெரிகிறது. சத்தம் துல்லியம், ஒரு குறை இல்லை. ஆனால் தனி ஆவர்த்தனத்தில் ஒருவர் மோரா (மும்முறை வரும் முடிப்பு) வைக்கப் போகிறார் என்று மற்றவருக்குத் தெரிவது காதால் மட்டும் இல்லை. புருவம் உயரும், தோள் இறங்கும். 1975 பதிவில் அந்தப் புருவம்கூடக் கேட்கிறது என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். மேடையில் இவர்கள் வாசிப்பதைக் காணொளியில் பாருங்கள், இதே ஆட்கள்தான், அங்கே நெருப்புப் பறக்கிறது. ஆகவே ஆல்பத்தை வைத்து மட்டும் குழுவைத் தீர்ப்பிட வேண்டாம்.

ஐயா, உங்கள் கீறலைப் பற்றி ஒரு கணக்கு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஊசி ஒரு வரி முன்னால் தாண்டினால் உங்களுக்கு 1.8 விநாடி இசை போயிருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக நீங்கள் கேட்காத 1.8 விநாடி ஒன்று அந்தக் கச்சேரியில் இருக்கிறது.

—

மூர்மார்க்கெட்
2023 ஜூலை 9, இரவு 7.20

ஒலிமேசை அவர்களே, உங்கள் கணக்கை எடுத்துக்கொண்டு நேற்றுத் தாம்பரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணனுக்கு வயது 68. நாலைந்து ஆண்டுகளாகச் செவித்திறன் குறைந்து காதில் கருவி வைத்திருக்கிறார். ஜாலரா, கஞ்சிராவின் சலங்கை, வயலினின் மேல் சஞ்சாரம் எதுவும் அவருக்குச் சரியாக எட்டுவதில்லை. கீழ்நாதம் மட்டும் கேட்கிறது. கடம் கற்றதை வேலை மாற்றலோடு விட்டுவிட்டார், ஆனால் கை விடவில்லை.

முதலில் புதிய ஆல்பத்தைப் போட்டேன். தலையைச் சாய்த்து இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "வயலின் சங்கர் எங்கே?" என்றார். வரவில்லை என்றேன். "விக்கு?" மகன் வாசிக்கிறார் என்றேன். மறுபடி குனிந்து கேட்டார். கஞ்சிராவின் தோல் நாதம் வந்த இடத்தில் நிமிர்ந்து, "அந்த வீட்டுக் கைதான்" என்றார். மானாமதுரை_மண் தம்பி, இதை உங்களுக்காகவே எழுதுகிறேன்.

பிறகு அந்த 29 நிமிட உருப்படியைக் கைப்பேசியில் போட்டு, அவருடைய பெரிய ஒலிபெருக்கியில் இணைத்தேன். கீறல் இல்லாத சுத்தமான பதிவு. அண்ணன் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். கை சரியாக விழுந்துகொண்டிருந்தது. அந்த இடம் வந்தது. கீறல் இருந்த இடம். அண்ணன் கை தாண்டியது. தட்டு தாண்டுவது போலவே, 1.8 விநாடியை விட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டது. பாட்டு பின்னால் நின்றது, கை முன்னால் போய்விட்டது. அண்ணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இவர்கள் தப்பாக வாசிக்கிறார்களே" என்றார்.

நான் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் கேட்டது.

—

சபா_பின்வரிசை
2023 ஜூலை 9, இரவு 9.00

படித்துவிட்டு வெகுநேரம் எழுதத் தோன்றவில்லை. அண்ணாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள்.

—

கஞ்சிராச்சத்தம்
2024 பிப்ரவரி 5, காலை 7.45

இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்துவிட்டது! சிறந்த உலக இசை ஆல்பம். ஜாகிர் அவர்களுக்கு மட்டும் இந்த ஒரே இரவில் மூன்று கிராமி. மேடையில் செல்வகணேஷ், கணேஷ், சங்கர் மகாதேவன், ஜாகிர் நால்வரையும் சேர்த்துப் பார்த்தபோது கத்திவிட்டேன், வீட்டில் எல்லோரும் பயந்து ஓடி வந்தார்கள்.

ஏழு மாதமாக இந்த ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 'கிரிராஜசுதா'வை இப்போது கடைசிவரை கேட்க முடிகிறது. கணேஷ் வாசிப்பது கேட்க ஆரம்பித்துவிட்டது. மாண்டலின் இருந்த இடத்தை அவர் நிரப்பப் பார்க்கவில்லை, ஓரமாக வேறு வழியில் போகிறார். இது புரிய எனக்கு ஏழு மாதம் ஆனது.

—

மூர்மார்க்கெட்
2024 பிப்ரவரி 5, காலை 9.10

மகிழ்ச்சி. மனம் நிறைந்த மகிழ்ச்சி. இன்று காலை அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன், இரண்டு முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. "விக்குவின் பையனா?" என்று கேட்டுவிட்டு, "நல்லது, நல்லது" என்றார்.

நானும் ஆல்பத்தை முழுதாகக் கேட்டுவிட்டேன், பல முறை. சபா_பின்வரிசை அம்மா சொன்ன குறை எனக்கும் உண்டு, பாட்டு அதிகம். ஆனால் 'மோகனம்' என்ற உருப்படியை இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறேன். கேட்டு முடித்ததும் பழைய பதிவைத் தேடி எழுந்து போகாமல் அப்படியே தூங்கியிருக்கிறேன். போன ஜூலையில் அது நடந்திருக்காது.

—

மானாமதுரை_மண்
2024 டிசம்பர் 16, காலை 8.30

ஜாகிர் உசேன் போய்விட்டார். சான்ஃபிரான்சிஸ்கோவில். 73 வயது.

இன்று மார்கழி முதல் தேதி. விடியற்காலை கோவில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுக்கொண்டே சாதகம் செய்துகொண்டிருந்தேன். கைப்பேசியில் செய்தி வந்தது. பானையைக் கீழே வைத்துவிட்டேன்.

—

சபா_பின்வரிசை
2024 டிசம்பர் 16, காலை 10.40

நான் பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மின் கிடாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குழுவில் ஒருவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு தட்டுகளிலும், அதாவது 1975லும் 2023லும், முழுதாக இருந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் போய்விட்டார்.

என் குறைகளை நான் திரும்பப் பெறவில்லை, அவை உண்மையானவை. ஆனால் இன்று காலையிலிருந்து புதிய ஆல்பத்தைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், பழையதை இல்லை. வயதான ஜாகிரின் கை எனக்கு வேண்டும். இளம் வயதில் அவர் வேகத்தைக் காட்டுவார். இதில் இரண்டு சொல்லுக்கு நடுவே காத்திருக்கிறார். அதைப் போன ஆண்டே கேட்டிருக்கலாம்.

—

ஒலிமேசை
2024 டிசம்பர் 16, இரவு 11.55

நான் எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டும். ஆளுக்கொரு ஊரில் இருந்து சேர்த்தது என் காதுக்குத் தெரிகிறது என்றேன். இன்று வேலை முடிந்து கூடத்தில் தனியாக உட்கார்ந்து பெரிய ஒலிபெருக்கிகளில் கேட்டேன். தபலாவும் கஞ்சிராவும் சேரும் இடங்களில் அப்படித் தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக வாசித்தவர்களுக்குப் புருவத்தைப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் போயிருக்கலாம்.

—

மூர்மார்க்கெட்
2024 டிசம்பர் 17, மாலை 5.30

அண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னேன். தொலைபேசியில் உரக்கச் சொல்லும் செய்தி அல்ல அது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தட்டைக் கொண்டுவந்தாயா என்று கேட்டார். கைப்பேசியில் வேண்டாமாம், தட்டு வேண்டுமாம், இரண்டாம் பக்கம்.

தட்டு என்னிடம் இருக்கிறது. பிளேயரும் இருக்கிறது, ஆனால் ஊசி போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

—

ஒலிமேசை
2024 டிசம்பர் 17, மாலை 6.10

பிளேயரின் மாதிரி எண்ணை எனக்கு அனுப்புங்கள் ஐயா. ரிச்சி தெருவில் தேடிப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் எங்கள் கூடத்தில் பழையது ஒன்று கிடக்கிறது, அதை எடுத்து வருகிறேன். கீறல் இருக்கும் தட்டில் ஊசியை அதிக எடையில் வைத்தால் தாண்டாமல் பிடித்துக்கொள்ளும். உங்களுக்குத் தாண்ட வேண்டுமா, பிடிக்க வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கேற்ப வைக்கிறேன்.

—

மூர்மார்க்கெட்
2024 டிசம்பர் 17, மாலை 6.25

தாண்டட்டும்.

ஞாயிற்றுக்கிழமை 22ஆம் தேதி, மாலை நாலு மணி, அண்ணன் வீடு. தாம்பரம் ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் நான் நிற்பேன். யார் வேண்டுமானாலும் வரலாம். மானாமதுரை_மண் தம்பி, கடத்தைக் கொண்டுவாருங்கள். அண்ணன் கேட்டுக்கொண்டார்.